நாற்பத்தேழாவது வால்வு

பல்கலைக்கழகத்தின் நாற்பதாம் ஆண்டு மலர் ஒருவழியாக வெளிவந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒன்பது துணைவேந்தர்களுக்கும் ஆளுக்கொரு முழுப்பக்கப் படம். தமக்கு முன்னால் இருந்தவர் செய்யாமல் விட்டதையெல்லாம் தாமே செய்து முடித்ததாக ஒவ்வொரு படத்துக்கும் கீழே குறிப்பு. விலங்கியல் துறையில் காணாமல் போன நுண்ணோக்கிக்குக்கூட ஒரு பத்தி கிடைத்திருக்கிறது. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. ஏழாயிரம் பேர் குடித்தது, குளித்தது, தேர்வன்று காலையில் பீதியோடு முகம் கழுவியது எல்லாம் தானாக வந்த தண்ணீர் என்று மலர்க் குழு நினைத்திருக்க வேண்டும். விடுபட்ட அந்த அத்தியாயத்தை இங்கே எழுதி வைக்கிறோம். குழுவினர் மன்னிப்பார்களாக.

அத்தியாயத்தின் நாயகருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் உச்சரித்ததாகத் தகவல் இல்லை. மாணவர்களுக்கு அவர் வால்வு அண்ணே. பேராசிரியர்களுக்கு, "அந்த வால்வைக் கூப்பிடு." பதிவாளர் ஒருமுறை கடிதத்திலேயே "திரு. வால்வு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நாயகர் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்.

அவர் குழி தோண்ட வந்தபோது வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழகத்துக்கு வயது பதினோரு நாள். மூன்று தகரக் கொட்டகை, ஆறு கால்களில் நின்ற ஒரு தண்ணீர்த் தொட்டி, எண்பத்திரண்டு மாணவர்கள், மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் முள். முதல் துணைவேந்தர் ஒரு பாறையில் உட்கார்ந்து, "இங்கே அறிவு செழிக்கும்" என்று பேசியதை மலர் பதிவு செய்திருக்கிறது. அவர் எதற்காக அந்தப் பாறையில் உட்கார்ந்தார் என்பதைப் பதிவு செய்யவில்லை. காலுறையில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கத்தான். பக்கத்தில் கடப்பாரையோடு நின்று இரண்டாவது காலின் முள்ளைப் பிடுங்கியவர் நம் நாயகர். ஆகவே அந்தப் பேச்சில் பாதி அவருக்காகவே பேசப்பட்டது என்று கொள்ளலாம்.

பிறகு பல்கலைக்கழகம் வளர்ந்தது. அறிவால் வளர்ந்தது என்று மலர் சொல்கிறது. குழாய்களின் வழியே பார்த்தால் அது பெரும்பாலும் சண்டையால் வளர்ந்திருக்கிறது. இயற்பியல் துறையில் இரண்டு பேராசிரியர்களுக்குப் பேச்சு வார்த்தை நின்றதும் துறை இரண்டானது. புது இயற்பியலுக்குப் புதுக் கட்டடம். பழைய இயற்பியலின் குழாயில் வரும் தண்ணீரைப் பிரிந்து வந்தவர் குடிக்க மாட்டார் என்பதால் புதுக் குழாய், அதற்கு ஒரு புது வால்வு. மூன்றாவது துணைவேந்தர் நீரூற்று வைத்தார். விடுதியில் பல் தேய்க்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அது வானத்தைப் பார்த்துப் பீய்ச்சியது. நான்காமவர் அதை மூடி, அதன்மேல் தம் பெயரில் அரங்கம் கட்டினார். பெண்கள் விடுதி, நூலகம், வங்கி, மேலாண்மைப் பள்ளி. மாணவர்கள் கூடினார்கள், மாணவர்களுக்கு டீ போடுபவர்கள் கூடினார்கள், டீ போடுபவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மண்ணுக்கடியில் ஒரு வால்வு. மொத்தம் நாற்பத்தேழு.

இவை எங்கெங்கே இருக்கின்றன என்று காட்ட முதல் வருடத்தில் ஒரு வரைபடம் இருந்தது. அலுவலகம் ஐந்து முறை இடம் மாறியதில், மூன்றாவது மாற்றத்தின்போது அது தொலைந்தது. அதைத் தேட அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை நான்காவது மாற்றத்தில் தொலைந்தது. அதற்கப்புறம் பல்கலைக்கழகத்தின் வரைபடம் வால்வு அண்ணேயின் கால்களில்தான் இருந்தது.

அவருடைய முறை மிக எளிது. டீக்கடை வாசலில் நின்று தொட்டிக்கு முதுகைக் காட்டிப் பதினெட்டு காலடி. கீழே பழைய இயற்பியல் வால்வு. வேதியியல் கொட்டகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து ஏழு காலடி. கீழே நூலக வால்வு. ஒரே ஒரு சிக்கல். டீக்கடை இடிக்கப்பட்டு இருபது வருடம் ஆகிறது. அந்த இடத்தில் மேலாண்மைப் பள்ளியின் இரண்டாவது வகுப்பறை இருக்கிறது.

"புது அடையாளம் வெச்சுக்கலாமே அண்ணே" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "புதுசையும் நாளைக்கு இடிச்சுடுவாங்க தம்பி. இடிச்சு முடிச்சதை யாராலயும் இடிக்க முடியாது."

ஆகவே பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கதவு திறக்கும். காக்கிச் சட்டையில் ஒருவர், தோளில் வால்வு திருகும் டி வடிவ இரும்புச் சாவியோடு, "மன்னிக்கணும் சார்" என்று உள்ளே வருவார். கரும்பலகைக்குப் பக்கத்தில், இல்லாத டீக்கடையின் வாசலில் நிற்பார். முதுகைத் திருப்பிக்கொண்டு, உதடு அசைய எண்ணியபடி மறுகதவால் வெளியேறுவார். சார் பாடத்தைத் தொடர்வார். நூலகத்துக்கு முன்னால் உள்ள புல்வெளியில் இன்னும் வேடிக்கை. வேதியியல் கொட்டகையின் கூரை தாழ்வானது. ஒரு தடவை நெற்றியில் தகரம் கிழித்திருக்கிறது. கொட்டகை போய்ப் பல வருடம் ஆன பின்பும், திறந்த வெளியில், வானத்தின் கீழே, அந்த இடம் வந்ததும் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவர் எதற்காகக் குனிகிறார் என்று தெரியாத மாணவர்கள், இது ஏதோ பாஸ் ஆகிற வழி என்று முடிவுகட்டி, தேர்வு நாட்களில் வரிசையாக அங்கே குனிந்து போக ஆரம்பித்தார்கள். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. புள்ளியியல் துறை அதை ஆராய்ந்து, குனிந்தவர்களும் குனியாதவர்களும் சமமாகவே பெயில் ஆவதாகக் கட்டுரை வெளியிட்டிருக்கிறது.

தொட்டியின் தென்புறம், ஊழியர்களுக்கான லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு எலுமிச்சை மரம். முப்பத்தோரு வருடம். மகள் அங்கேதான் பிறந்தாள், வளாகப் பள்ளியில் படித்தாள், வளாகத்திலேயே பட்டமும் வாங்கினாள். வால்வு வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "மணி என்னங்க ஆச்சு?"

"சன்னலைத் திறந்தா வண்டிச் சக்கரம் மாதிரி நூலகக் கடிகாரம் தெரியுது. அதைப் பார்த்துக்கத் தெரியாதா உனக்கு?"

"நீங்க சொல்லுங்களேன். வாய் தேஞ்சா போயிடும்?"

முப்பத்தோரு வருடமும் அவர் மணி சொன்னார். ஏன் கேட்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஊர் முழுக்க எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது புது இஞ்சினியர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, வேகமாக நடப்பவர், உயரமான ஒரு கோலின் உச்சியில் தட்டு மாதிரி ஏதோ வைத்திருந்தார். அந்தக் கோலை வால்வுக்கு மேல் நட்டால் வானத்தில் உள்ள ஏதோ ஒன்று அதைப் பார்த்து, இடத்தைக் கணினியில் குறித்துக்கொள்ளுமாம்.

"நீங்க நடங்கண்ணே. நான் கோலோட பின்னால வர்றேன். ஒண்ணு விடாம காட்டிடுங்க."

மூன்று நாள் நடந்தார்கள். வகுப்பறைகளைக் கடந்தார்கள். புல்வெளியில் அவர் குனிந்தபோது, வழியில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து இஞ்சினியரும் குனிந்தார். கோல் ஒவ்வொரு வால்வின் மேலும் நின்று ஒரு தடவை 'க்ளிக்' என்றது. ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் ஒரு வால்வு அவரைவிட்டுக் கழன்றுபோனது போல் இருந்தது. மூன்றாம் நாள் மாலை இஞ்சினியர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாற்பத்தாறு. அவ்வளவுதானே அண்ணே?"

"அவ்வளவுதான் மேடம்."

அன்று வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னார். "ஒண்ணை விட்டுட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. விட்டுட்டேன்."

மனைவி கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள். "எது?"

"நம்ம வீட்டுப் பின்னால இருக்கறது. சமையலறைப் படியிலேருந்து எலுமிச்சையைப் பார்த்து ஒன்பது காலடி. தொட்டியிலேருந்து தெற்கே போற மெயின் லைன். எப்பவும் திறந்தேதான் கிடக்கும். என்னைக்காவது ஒருநாள் அதை மூட வேண்டி வரும். அப்ப யாரைக் கூப்பிடுவாங்க?"

"வேற பொழப்பு இல்லையா உங்களுக்கு" என்றாள் அவள். அதுதான் விஷயம். வேறு பிழைப்பு இல்லைதான்.

ஓய்வு நாளில் சால்வை போர்த்தினார்கள். பதிவாளர் பேசும்போது, இவர் பல்கலைக்கழகத்தின் ரத்தக் குழாய் என்றார்; பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டி சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்தார்கள். லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒன்பதாவது துணைவேந்தரின் மாநாட்டு மண்டபம் வரப்போகிறது.

மகள் வீடு நகரத்தின் மறுகோடியில், மூன்றாவது மாடி. குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குளிப்பது முதல் சில நாட்கள் அவருக்குக் கூச்சமாக இருந்தது. கைபேசியை எப்போதும் முழுதாகச் சார்ஜ் செய்து வைத்திருந்தார். குளியலறைக்குள்ளும் சோப்புப் பெட்டியில் அது இருந்தது. அடிக்கடி அடித்தது. மனை வாங்கச் சொன்னார்கள், முடி கொட்டுகிறதா என்று விசாரித்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் பேசவில்லை. தண்ணீர் அங்கே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வால்வுகளும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. இது அவருக்குப் பெரிய நம்பிக்கைத் துரோகமாகப் பட்டது.

"காய்கறி வாங்கிட்டு வர்றேன்" என்று ஒருநாள் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி வளாக வாசலில் இறங்கினார். முன்பு வாசல் என்றால் இரண்டு கம்பம், ஒரு கயிறு. இப்போது கண்ணாடி அறை, தானாக ஏறி இறங்கும் தடுப்பு, சீருடையில் ஒரு புது ஆள். அவன் ஒரு நோட்டை நீட்டினான்.

"பேர் எழுதுங்க. வந்த நேரம் எழுதுங்க. யாரைப் பார்க்கணும்னு எழுதுங்க."

பெயரை எழுதினார். தம் பெயரே கொஞ்சம் அந்நியமாக இருந்தது. நேரத்தை எழுதினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தின் மேல் பேனா நின்றது. பழைய பதிவாளர் ஓய்வு. டீக்கடைக்காரர் இல்லை. இரண்டு இயற்பியல் பேராசிரியர்களும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்து, சமாதானம் ஆகியிருக்க வேண்டும்.

"சும்மா உள்ள ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு..."

"சும்மான்னு எழுத கட்டம் இல்ல சார்."

திரும்பிவிட்டார். காய்கறி வாங்க மறந்தார். மனைவி எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை; சட்டையில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டாள். அந்த முள் ஊரில் வேறெங்கும் இல்லை.

பதினான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கைபேசி அடித்தது. முடி கொட்டுகிறதா என்று கேட்பவர்களாக இருக்கும் என்று சாவகாசமாக எடுத்தார். இஞ்சினியர்.

"அண்ணே, மண்டபத்துக்குத் தூண் போட தோண்டினாங்க. மெயின் லைன்ல மெஷின் குத்திடுச்சு. பனைமர உயரத்துக்குத் தண்ணி அடிக்குது. வரைபடத்துல உள்ள எல்லா வால்வையும் மூடிட்டேன், நிக்க மாட்டேங்குது. மோட்டாரை நிறுத்தியாச்சு, ஆனா தொட்டி நிறைய தண்ணி இருக்கு. நம்ம பட்டியல்ல இல்லாம ஏதாவது ஒண்ணு இருக்கா?"

பதினான்கு மாதமாக ஒத்திகை பார்த்திருந்த பதில். "இருக்கலாம் மேடம். வர்றேன்."

காக்கிச் சட்டை பெட்டியின் அடியில் இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. பொத்தான் போட்டுக்கொண்டு திரும்பினால் மனைவி செருப்போடு வாசலில் நிற்கிறாள்.

"நீ எதுக்கு? நான் ஆபீஸ் வேலையா போறேன்."

"நான் என் வீட்டைப் பார்க்கப் போறேன்."

வாசலில் இஞ்சினியரே வந்து நின்று, நோட்டு கீட்டு எதுவும் இல்லாமல் உள்ளே அழைத்துப் போனார். புல்வெளி வந்ததும் வால்வு குனிந்தார். எதிரே வந்த நான்கு மாணவர்களும் குனிந்தார்கள். அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

லைன் வீடுகள் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றார்.

வீடு இருக்காது என்று தெரியும். வீடுகள் இருந்த சுவடு கூட இருக்காது என்று நினைக்கவில்லை. மண்ணைச் சீவி, தரையாக்கி, சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். எலுமிச்சை மரம் இல்லை. அது நின்ற குழியும் இல்லை. நடுவில் ஒரு பள்ளத்திலிருந்து தண்ணீர் எழும்பி, பழைய நீரூற்றைவிட அழகாக விழுந்துகொண்டிருந்தது. துணைவேந்தர் காருக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். மாணவர்கள் படம் எடுத்தார்கள்.

"எங்கண்ணே?" என்றார் இஞ்சினியர்.

"இங்கதான்." பத்துப் பதினைந்து காலடி நடந்து, குதிகாலால் தட்டினார். ஆட்கள் தோண்டினார்கள். மண். இன்னொரு இடம் காட்டினார். மண், பிறகு சேறு. மூன்றாவது இடத்தில் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது.

டீக்கடை இடிந்தபோது அவர் பக்கத்தில் நின்றார். கொட்டகை பிரிக்கப்பட்டபோது கூரைத் தகரத்தை அவரே இறக்கினார். மறுநாளே அந்த இடத்தின் மேல் நடந்தார், அதற்கு மறுநாளும் நடந்தார். அதனால்தான் இல்லாத வாசல்கள் அவர் காலுக்குத் தெரிந்தன. இந்த ஒன்றை இடித்தபோது அவர் இங்கே இல்லை. வளாகத்தில் எல்லாவற்றையும் அளந்து வைத்தவர், தம் வீடு எங்கே இருந்தது என்பதை மட்டும் எதிலிருந்தும் அளந்து வைக்கவில்லை. வீடு எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டார்.

"நேரமாகுதுண்ணே" என்றார் இஞ்சினியர், மெதுவாகத்தான்.

"தெரியல மேடம்" என்றார் வால்வு. முப்பத்தெட்டு வருடத்தில் வளாகத்தில் அவர் அப்படிச் சொன்னது முதல் முறை.

மனைவி அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியிருந்தாள். தரையையே பார்க்கவில்லை. தூரத்தில், தொட்டியின் கால்களைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தாள். நின்றாள். ஒரு அடி பின்னால் வந்தாள். கழுத்தைச் சாய்த்தாள்.

"என்ன பண்றே?"

"பேசாம இருங்க. கடிகாரம் பார்க்கறேன்."

"மணி பதினொண்ணே முக்கால் ஆகுது. வா இந்தப் பக்கம்."

"மணியை யாரு கேட்டா." அவள் இன்னும் அரை அடி நகர்ந்தாள். "பாத்திரம் தேய்க்கற இடத்துல நின்னா, தொட்டியோட மூணாவது காலு கடிகாரத்தோட இடது பாதியை அப்படியே மறைக்கும். வலது பக்கம் மட்டும்தான் தெரியும். பன்னெண்டுலேருந்து ஆறு வரைக்கும். நாலாவது காலு வந்து மூணு மணிப் புள்ளியைத் தொட்டும் தொடாம நிக்கும். இடது பக்கம் முள்ளு போயிடுச்சுன்னா எனக்கு மணி தெரியாது. நீங்க வந்தாதான் தெரியும்." இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். "இப்ப பாதிதான் தெரியுது. இதுதான் என் சமையலறை. படி அதோ, என் இடது கைப் பக்கம் ரெண்டு காலடி."

வால்வு அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பாதிக் கடிகாரம். முள் ஒன்றும் இல்லாத, வெறும் வெள்ளைப் பாதி. முப்பத்தோரு வருடத்தில் அவர் அந்த இடத்தில் நின்று ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை என்பது இந்த வரலாற்றில் குறிப்பிடப்பட வேண்டும்.

அவள் காட்டிய படிக்கு வந்தார். எலுமிச்சை நின்ற பக்கம் அவள் கை நீட்டினாள். உதடு அசைய ஒன்பது காலடி வைத்தார். ஆட்கள் தோண்டினார்கள். இரண்டாவது வெட்டிலேயே மண்வெட்டி இரும்பில் மோதியது. டி சாவியை இஞ்சினியர் அவர் கையில் கொடுத்தார். முப்பத்திரண்டு சுற்று. நீரூற்று குள்ளமாகி, இடுப்புயரமாகி, முழங்காலாகி, கொப்பளித்து அடங்கியது. கார்க் கண்ணாடி இறங்கியது.

இஞ்சினியர் கோலை எடுத்துவந்தார். உடனே நடவில்லை. "இது மட்டும் எப்படிண்ணே அன்னிக்கு விட்டுப்போச்சு?"

"மறந்துட்டேன் மேடம்."

மனைவி எலுமிச்சை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சினியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேறு எதுவும் கேட்காமல் கோலை அவரிடமே நீட்டினார். "நீங்களே பிடிங்க. ஆடாம."

இது 'க்ளிக்' என்றால் கைபேசி இனி அடிக்காது. வால்வுக்கு அது தெரியும். கோல் கையில் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தால் குறிக்காது என்று அவர் அந்த மூன்று நாளில் கற்றிருந்தார். சற்று நேரம் அப்படியே நின்றார். மனைவி சேறு படிந்த பாதங்களோடு, இல்லாத சமையலறையில் நின்றபடி பார்த்தாள். அவர் கோலை நிமிர்த்தினார்.

க்ளிக்.

"நாற்பத்தேழு" என்றார் இஞ்சினியர். "எல்லாத்துக்கும் ஒரு பேர் போட்டிருக்கேன். இதுக்கு என்ன போடட்டும்? மண்டபம்னு போடட்டா?"

"சமையலறைன்னு போடும்மா" என்றாள் மனைவி.

அப்படியே போட்டார்கள். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ வரைபடத்தில், மாநாட்டு மண்டபத்தின் பின்புறம், எந்தச் சமையலறையும் இல்லாத இடத்தில் 'சமையலறை வால்வு' இன்றும் இருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு மலருக்குள் வரலாற்றுத் துறை அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தும் என்று நம்புகிறோம்.

இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். புல்வெளியில் அவர் குனிந்தார். இத்தனை வருடமும் அதைப் பார்த்துச் சிரித்தே வந்த மனைவி, அன்று கூடவே கொஞ்சம் குனிந்தாள். வாசலில் அதே ஆள், அதே நோட்டு.

"உள்ள போகும்போது எழுதாம போயிட்டீங்க. இப்ப எழுதிடுங்க. யாரைப் பார்க்க வந்தீங்கன்னு."

வால்வு பேனாவை வாங்கினார். அந்தக் கட்டம் வந்ததும் மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவள் வளைந்து வளைந்த எழுத்தில் 'எங்க வீடு' என்று எழுதினாள். ஆள் அதைப் படிக்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டே, வழக்கமாக எல்லோரையும் கேட்பது போல் கேட்டான்.

"பார்த்தாச்சா?"

"பாதி" என்றாள் அவள்.